பேச்சுக்குச் சொன்னது

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைய முதல் வாக்கியம் வந்தது.

"மாப்ள, உன் வண்டி ரிப்பேருன்னா எப்ப வேணா என் வண்டிய எடுத்துக்க."

யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்பது எனக்குத் தெரியாது. குரல்மறைப்பு வழியாக வருவதால் எல்லோருக்கும் ஒரே குரல்தான். ரயில் நிலையத்தில் தாமதத்துக்கு வருந்துமே, அந்தக் குரல். வண்டியைத் தருவதாகச் சொல்கிறான், பணத்துக்குப் பொறுப்பேற்கவில்லை. சிவப்பை அழுத்தினேன்.

"பேச்சுக்குச் சொல்றனுங்க, உங்க பொண்ணு நல்லா வருவாளுங்க."

இதை இயந்திரமே கழித்திருக்க வேண்டும், தப்பி வந்துவிட்டது. சிவப்பு.

"அக்கா, ஆபரேஷனுக்கு நான் கூட வர்றேன். செலவப் பத்தி நெனைக்காத."

பாவம், தங்கச்சி. அவசரத்தில் 'பேச்சுக்குச் சொல்றேன்' என்கிற முன்சொல்லை மறந்திருக்கிறாள். பச்சை.

என் பெயர் வர்ஷினி. வயது நாற்பத்தேழு. நம்பகக் கடன் வாரியத்தின் கோவைக் கிளையில் சொல்லாய்வர் வேலை. ஒரு நாளைக்கு நானூறு வாக்கியங்கள் கேட்க வேண்டும். மேசையில் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. பச்சை என்றால் அது பிணைச்சொல். சொன்னவர் அந்த நிமிடத்திலிருந்து, கேட்டவர் வாங்கும் கடனுக்கு ஜாமீன். சிவப்பு என்றால் வெறும் பேச்சு. அரை நிமிடத்துக்குள் எதையும் அழுத்தாவிட்டால் பச்சை தானாக விழும். சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது என்பதில் அரசாங்கத்துக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை.

சிவப்பு விழுந்தால் அதோடு முடிந்துவிடாது. கேட்டவரின் போனுக்கு ஒரு செய்தி போகும். 'தங்களிடம் கூறப்பட்ட கீழ்க்கண்ட வாக்கியம் பேச்சுக்குச் சொல்லப்பட்டது எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. இதை நம்பிச் செயல்பட வேண்டாம்.' இதற்குப் பெயர் பயனாளர் பாதுகாப்பாம். ஒருவன் இன்னொருவனுக்குச் சொன்ன ஆறுதலைப் பிடுங்கி, எச்சில் துப்பித் திருப்பிக் கொடுப்பதற்கு இவ்வளவு அழகான பெயர்.

வாக்கியங்களைப் பிடித்து அனுப்புவது செவிக்காசு. பழைய ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவில் கழுத்தில் தொங்கும். அது இல்லாவிட்டால் சம்பளம் ஏறாது, ரேஷன் கிடைக்காது, பஸ்ஸில் கூட ஏற முடியாது. வாக்குறுதி போல ஒலிக்கும் வாக்கியங்களை மட்டுமே அது அனுப்பும், மற்றதைக் கேட்பதே இல்லை என்று வாரியம் சத்தியம் செய்கிறது. அந்தச் சத்தியத்தை மட்டும் யாரும் இதுவரை எங்கள் மேசைக்கு அனுப்பியதில்லை.

பத்து வருடத்துக்கு முன்பு வங்கிகள் கவிழ்ந்தபோது நான் இதே கட்டடத்தில் கிளார்க்காக இருந்தேன். அப்போது இது வங்கி. கூட்டத்தை வரிசையில் நிறுத்தக் கட்டிய நைலான் கயிறு இன்னும் ஒரு மூலையில் கிடக்கிறது. முதலில் அரசாங்கம் ஏழு நாள் வங்கி விடுமுறை விட்டது. ஏழு நாள் ஏழு மாதம் ஆயிற்று. பிறகு, தொழில்களுக்குக் கடன் கொடுங்கள் என்று சொல்லி வங்கிகளுக்குக் கோடி கோடியாகக் கொட்டியது. வங்கிகள் அந்தப் பணத்தில் அரசாங்கப் பத்திரத்தையே வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு வட்டியையும் அரசாங்கத்திடமே வாங்கின. பிறகு கடனுக்கான வட்டியைக் குறைத்தார்கள். கொடுக்கவே மாட்டேன் என்கிறவனிடம் வட்டி எவ்வளவு என்று கேட்டு என்ன செய்வது? கடைசியில் ஒரு குழு போட்டார்கள். எண்ணூறு பக்க அறிக்கை வந்தது. நாட்டில் பணத்துக்குப் பஞ்சமில்லை, நம்பிக்கைக்குத்தான் பஞ்சம் என்று அதில் எழுதியிருந்தார்கள்.

அதைப் படித்த யாரோ ஒரு புத்திசாலி யோசித்திருக்கிறான். மக்கள் ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டு சும்மாதானே இருக்கிறார்கள், அதை எடுத்து வங்கிக்குக் கொடுத்தால் என்ன என்று. இப்படித்தான் செவிக்காசு வந்தது. கடன் மூழ்கினால் இனி வங்கிக்கு நட்டமில்லை, அரசாங்கத்துக்கும் நட்டமில்லை. ஆறுதல் சொன்னவன் கட்டுவான்.

இந்த ஊரில் பம்பு வார்க்கிறவன் இரும்பை இன்றைக்கே காசு கொடுத்து வாங்க வேண்டும். பம்புக்கான காசு தொண்ணூறு நாள் கழித்துத்தான் வரும். நடுவில் கிடக்கும் அந்தத் தொண்ணூறு நாளைத் தாண்டத்தான் வங்கி. அது நின்றதும் எங்கள் கணபதிப் பகுதியில் இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரிகள் பாதி அணைந்தன. என் கணவர் கவின் தன்னுடையதை ஆறு வருடம் மூச்சு வாங்க ஓட்டினார், ஏழாவது வருடம் மூடினார். மூடிய நாலாம் மாதம் மாரடைப்பில் போய்விட்டார். மூன்று வருடமாக அது பூட்டிக் கிடக்கிறது. திறந்து ஓட்டக் கடன் கேட்டு நான் விண்ணப்பித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. ஏழு ஜாமீன் வேண்டும். என் தம்பி, கவினின் அக்கா என்று உறவில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவது ஆள் கிடைக்கவில்லை. பவுண்டரியில் வேலை பார்த்த பழைய ஆட்கள் ஆறு பேர் வாரம் தவறாமல் போன் செய்து, எப்போது திறப்பீர்கள் என்று கேட்கிறார்கள்.

என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சொல்லாய்வர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், டீக்கடையில் ஒருவன் இன்னொருவனிடம் சொன்ன வாக்கியம் வந்தது: "உடுடா, பாத்துக்கலாம்." எங்கள் ஊரில் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. மழை வந்தாலும் பாத்துக்கலாம், மாமியார் வந்தாலும் பாத்துக்கலாம். ஆனால் தலைநகரத்தில் உட்கார்ந்து தயாரித்த பிணைச்சொல் அகராதியில் 'பார்த்துக்கொள்ளுதல்: பொறுப்பேற்றல்' என்று போட்டிருந்தது. தப்பு என்று எனக்குத் தெரியும். ஒப்பந்த வேலையில் சேர்ந்த வாரமே அகராதியோடு சண்டை எதற்கு என்று பச்சையை அழுத்தினேன். அந்த ஒரு பச்சையை முன்னுதாரணமாகக் காட்டி, அந்த மாதமே மாவட்டத்தில் ஐயாயிரம் பேரை ஜாமீன்தாரர் ஆக்கினார்கள். எங்கள் கிளைக்குக் கேடயம் கொடுத்தார்கள். வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் அது இன்னும் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே வருகிறேன்.

மக்களும் சும்மா இருக்கவில்லை. சட்டத்திலேயே ஒரு சந்து இருந்தது. வாக்கியத்துக்கு முன்னால் 'பேச்சுக்குச் சொல்றேன்' என்று சேர்த்துக்கொண்டால் பிணை ஆகாது. ஆறு வருடத்தில் அது எல்லோருடைய நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. கல்யாண மேடையில் ஏறி, "பேச்சுக்குச் சொல்றனுங்க, நூறு வருசம் நல்லா இருக்கோணும்" என்று மொய்க் கவரை நீட்டுகிறார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரமாக நின்று, "பேச்சுக்குச் சொல்றேன், சீக்கிரம் எந்திரிச்சு வந்துருவீங்க" என்கிறார்கள். முன்பெல்லாம் மனதில் இல்லாததைச் சொல்கிறவனைத்தான் பேச்சுக்குச் சொல்கிறான் என்போம். இப்போது மனதில் இருப்பதைச் சொல்லவும் அதே வார்த்தைதான் நுழைவுச் சீட்டு.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மறந்துவிடுகிறார்கள். எழவு வீட்டில். அங்கே சொன்னதை மட்டும் நாங்களும் சிவப்பில் விட்டுவிடுவதுதான் வழக்கம்.

பதினொரு மணிக்கு மேலாளர் ப்ரணவ் என் மேசைக்கு வந்தார். சென்னைக்காரர், முப்பத்திரண்டு வயது. சட்டைக் காலரில் கசங்கல் என்பதே இருக்காது.

"மேடம், ஒரு சின்ன ஹெல்ப். நாளைக்கு அமைச்சர் வர்றார் இல்லையா? முந்நூறு தொழிலுக்குக் கடன்னு பேனர் அடிச்சாச்சு. இருநூத்திப் பன்னெண்டுக்குத்தான் ஜாமீன் முழுசா இருக்கு."

"மீதிக்கு என்னுங்க பண்றது?"

"பழைய சிவப்பையெல்லாம் மறுபடி பார்க்கலாம்னு சர்க்குலர் வந்திருக்கு. முக்கியமா டெத் ஹவுஸ்ல சொன்னது. அங்க யாரும் முன்சொல் போடறதில்ல. நல்ல தரமான ஸ்டாக், மேடம்."

தரமான ஸ்டாக். அரிசி மண்டியில் பேசுவது போலப் பேசினார்.

"அதெல்லாம் அழுதுட்டு சொன்னதுங்க, சார்."

"அழுதுட்டு சொன்னாதானே மேடம் நிஜமா இருக்கும்?" என்றார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. "உங்க ஃபைலும் ஒரே ஒரு ஜாமீன்லதானே நிக்குது? பாருங்க. உங்களுக்கும் நல்லதுதான்."

அவர் போனதும் பழைய சிவப்புகள் வரிசையாக வர ஆரம்பித்தன. இறந்தவர்களின் வீடுகள் ஒவ்வொன்றாக அந்த ரயில் நிலையக் குரலில் என் காதுக்குள் நடந்து போயின. 'உங்க பையன் படிப்பு எங்க பொறுப்பு.' 'நான் இருக்கறேன், அழுவாதீங்க.' 'இனி நீங்க எங்க வீட்டு மனுசி.' அழுத்தினேன். என்ன அழுத்தினேன் என்று கேட்காதீர்கள்.

பன்னிரண்டரைக்கு அந்த வாக்கியம் வந்தது.

"அம்முணி, ஒண்ணும் ரோசனை பண்ணாத. நாங்க பாத்துக்கறோம்."

குரலை மாற்றலாம், 'ரோசனை' என்கிற அந்த வார்த்தையை மாற்ற முடியுமா? திரையின் ஓரத்தில் தேதியைப் பார்த்தேன். கவினை எடுத்த நாள். வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது தருண் அண்ணன் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னது இது. கவினோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாக இருந்தவர். பவுண்டரியில் வார்த்து வருவதைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அன்றைக்கு எத்தனையோ பேர் வந்து, பார்த்து, பேசாமல் போனார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பதினோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் என் போனுக்குச் செய்தி வந்தது. அந்த வாக்கியம் பேச்சுக்குச் சொல்லப்பட்டது, நம்பிச் செயல்பட வேண்டாம். எவளோ ஒரு சொல்லாய்வர், இதே அறையில், சிவப்பை அழுத்தியிருக்கிறாள். அந்தச் செய்தி எப்படித் தயாராகிறது என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான். ஆனாலும் நம்பினேன். மூன்று வருடமாக அந்தப் பட்டறைப் பக்கம் போகவில்லை.

இப்போது அதே வாக்கியம் என் கையில். பச்சையை அழுத்தினால் தருண் அண்ணன் என் ஏழாவது ஜாமீன். பவுண்டரி திறக்கும். ஒரு வேளை நான் தோற்றால் அவருடைய லேத் போகும்; அண்ணிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடப்பது அந்த லேத்தால்தான். சிவப்பை அழுத்தினால் அவர் தப்பித்தார். ஆனால் என் வாழ்க்கையிலேயே மோசமான நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை பொய் என்று நானே கையெழுத்துப் போட்டது போலாகும். இருபத்தெட்டாவது வினாடியில் மதிய இடைவேளைப் பொத்தானை அழுத்தி வரிசையை நிறுத்திவிட்டு எழுந்தேன்.

கணபதிக்குப் பஸ்ஸில் இருபது நிமிடம். பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அண்ணன் வேஸ்ட் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"வாங்க மேடம். பேச்சுக்குச் சொல்றனுங்க, சௌக்கியங்களா?"

மேடம். வாரியத்துக்காரியை வேறு எப்படிக் கூப்பிடுவார்?

"அண்ணா, என்னையப் போயி மேடம்ங்கறீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

"அவரு போனன்னைக்கு எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. நாங்க பாத்துக்கறோம்னு. ஞாபகம் இருக்குதுங்களா?"

அவர் என் கழுத்தில் தொங்கிய காசைப் பார்த்தார். பிறகு தன்னுடையதைக் குனிந்து பார்த்தார். கையை நீட்டி லேத்தை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றதும் பட்டறையே பெரிதாகிவிட்டது போலிருந்தது.

"நெசமாலுமே சொன்னீங்களா, அண்ணா? இல்ல..."

"இல்லீங்க," என்றார். "பேச்சுக்குச் சொன்னதுங்க அது. எழவு வீட்டுல சொல்றதுதானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

சொல்லும்போது அவர் கண் என் பின்னால் இருந்த சுவருக்குப் போனது. திரும்பினேன். ஆணியில் ஒரு சாவி தொங்கியது. பித்தளை வில்லையில் 'கவின்' என்று பெயர் கடைந்திருந்தது. பவுண்டரியின் மாற்றுச் சாவி. அது தொலைந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

"இது இங்க எப்படீங்கண்ணா?"

அவர் யோசித்து யோசித்துப் பேசினார். செய்துகொண்டிருப்பதைச் சொல்வது வாக்குறுதி ஆகாது. காசு அதைக் கண்டுகொள்ளாது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பவுண்டரிக்குப் போயி மணல் மிக்சரை ஒரு பத்து நிமிசம் ஓட்டி, எண்ணெய் போட்டுட்டு வருவேன். சும்மா நின்னா புடிச்சுக்கும். அப்பறம் கழட்டி மாட்டறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்."

"மூணு வருசமாங்களா?"

"ஆமா."

ஒரு போன் செய்தியை நம்பி இந்த மனுசனை மூன்று வருடம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். "செரிங்கண்ணா," என்றேன். "நீங்க பேச்சுக்குத்தான் சொன்னீங்க. அப்படியே இருக்கட்டும்." அவர் தலையை ஆட்டினார். வெளியே வந்து பஸ் ஏறினேன். போனதும் முதல் வேலையாகச் சிவப்பை அழுத்திவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

திரும்பி வந்தபோது என் திரை காலியாக இருந்தது. ப்ரணவ் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"கங்கிராஜுலேஷன்ஸ், மேடம்! நேரம் இல்லைன்னு டெத் ஹவுஸ் மொத்தத்தையும் ஒரு மணிக்கே நானே பச்சை போட்டுட்டேன். முந்நூத்தி நாலு வந்துடுச்சு. அதுல உங்க ஃபைலும் ஒண்ணு. ஏழு ஜாமீனும் ஃபுல்."

நான் பேச வாயெடுப்பதற்குள் அவர் போன் ஒலித்தது. எடுத்துப் படித்தார். முகம் லேசாக மாறியது, வருத்தத்தால் அல்ல.

"உங்க ஏழாவது ஜாமீன்தாரர் ஒண்ணு இருபதுக்குப் பிணை மறுப்பு பண்ணியிருக்கார். பச்சை விழுந்து இருபது நிமிஷத்துல. யார் மேடம் போய் இப்படிக் கேட்டது?" மறுபடி போனைப் பார்த்தார். "உங்க காசுல பதிவாகியிருக்கே."

பிணையான சொல்லை மறுத்தால் அது குற்றம்; அந்த மறுப்பையும் காசு பிடித்து அனுப்பிவிடும். கடன் மூழ்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். ஜாமீன்தாரரின் சொத்தை உடனே எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சட்டத்தை நானும் பயிற்சி வகுப்பில் எழுதிப் பாஸ் செய்தவள்தான். என் கேள்வியாலேயே அவரை மாட்டிவிட்டேன்.

"சார், எனக்குக் கடனே வேண்டாங்க. எடுத்துருங்க."

"நீங்க வேண்டாம்னாலும் மறுப்பு மறுப்புதான், மேடம். அவர் மெஷின் போறது போறதுதான். வீணா உங்க கடனையும் எதுக்கு விடணும்?" அவருக்குப் பேனரில் முந்நூறு குறையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போகும்போது திரும்பி, அக்கறையாக ஒன்று சொன்னார். "இனி ஒரு வருஷத்துக்கு வாயை மட்டும் பார்த்துக்கோங்க. கடன் வாங்கினவங்க அடுத்தவங்களுக்கு ஜாமீன் நிக்கக் கூடாது. ஒரு பச்சை விழுந்தாலும் கடன் ரத்து."

மறுநாள் காலை விழா. 'மக்களின் நாணயமே நாட்டின் நாணயம்' என்று மேடைக்கு மேல் எழுதியிருந்தது. நேர்மைக்கும் காசுக்கும் தமிழில் ஒரே வார்த்தை இருந்து தொலைத்தது இவர்களுக்கு எவ்வளவு வசதி. அமைச்சர், நெருக்கடியை வென்றுவிட்டோம் என்றார். வங்கிகளைக் காப்பாற்றியது மக்களின் ஈர நெஞ்சம் என்றார். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினோம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவு அளவுக்கு ஓர் அட்டைக் காசோலையை அமைச்சர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றோம். நான் சிரித்தேன். போட்டோவில் நன்றாகவே விழுந்திருக்கிறது.

அங்கிருந்து நேராகக் கணபதிக்குப் போனேன். லேத்தைக் கிரேனில் தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது நின்ற இடத்தில் தரை மட்டும் எண்ணெய் கறுத்துச் சதுரமாகத் தெரிந்தது. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். உள்ளே கதவருகில் அண்ணி உட்கார்ந்திருந்தார். வாரியத்து ஆள் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டே மனப்பாடமாகச் சொன்னான்: "யாராச்சும் மாத்து ஜாமீன் நின்னா ஏழு நாள்ல மெஷின் திரும்பக் கெடைக்குங்க."

லாரி கிளம்பியது. தெருவில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அண்ணனைத் தாண்டிப் போனார்கள். "பேச்சுக்குச் சொல்றேன், எல்லாம் செரியாப் போயிரும் தருணு." "பேச்சுக்குச் சொல்றனுங்க, ஏதாச்சும் வேணும்னா கேளுங்க." எல்லோரும் நல்லவர்கள்தான். எனக்கு அவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும் போலிருந்தது. என் முறை வந்தது.

அண்ணன் முன்னால் போய் நின்றேன். ப்ரணவ் சொன்னது நினைவில் இருந்தது. கழுத்தில் காசு கனத்தது. இருந்தும் சொன்னேன். முன்சொல் இல்லாமல், தெருவே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அண்ணா, ஒண்ணும் ரோசனை பண்ணாதீங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "சொல்லீட்டியே அம்முணி," என்றார். மேடம் போய்விட்டது. அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக என்மேல் எனக்கு அருவருப்பு இல்லாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு வரும் வழியில் பவுண்டரிக்குப் போய்விட்டு வந்தேன். பழைய ஆட்கள் ஆறு பேரும் விடிவதற்கு முன்பே வந்து கேட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, கழுவி விட்டுக்கொண்டிருந்தார்கள். இரும்புக்காரனுக்கு முன்பணம் போய்விட்டிருந்தது. திங்கட்கிழமை முதல் வார்ப்பு. ஒருத்தி பூசைக்கு எலுமிச்சம்பழம் கூட வாங்கி வைத்திருந்தாள்.

ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டினேன். ஒன்பது ஐந்துக்கு வந்தது.

"அண்ணா, ஒண்ணும் ரோசனை பண்ணாதீங்க. நான் பாத்துக்கறேன்."

ரயில் நிலையக் குரலில் என் வாக்கியம். யாரோ முன்பின் தெரியாத பெண் சொன்னது போலிருந்தது. திரையில் வினாடிகள் ஓட ஆரம்பித்தன. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கையைக் கட்டிக்கொண்டு அரை நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், பச்சை தானாக விழும். அண்ணனுடைய லேத் திரும்பி வரும், என் கடன் ரத்தாகும். ஆறு பேரும் துடைப்பத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நேற்று தெருவில் நின்று சொன்னபோது இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். பத்தாவது வினாடி வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பதினேழாவது வினாடியில் என் விரல் சிவப்பை அழுத்தியது. ப்ரணவ் அறையில்கூட இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. அடுத்த வாக்கியம் வந்தது, அதையும் கேட்டேன். அன்றைக்கு நானூற்றுப் பத்து.

மாலை பவுண்டரிக்குப் போனேன். உள்ளே மணல் மிக்சர் சத்தமில்லாமல் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. புது எண்ணெய் வாசனை அடித்தது. பூசைத் தட்டில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் பித்தளை வில்லையோடு அந்தச் சாவி இருந்தது.

"தருண் அண்ணன் வந்திருந்தாருங்க," என்றாள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தவள். "பத்து மணி இருக்கும். போனையே பாத்துட்டு கேட்டுகிட்ட கொஞ்ச நேரம் நின்னாருங்க. அப்பறம் உள்ள வந்து மிக்சருக்கு எண்ணெய் போட்டு ஓட்டி உட்டுட்டு, சாவிய வெச்சுட்டுப் போயிட்டாருங்க."

"ஏதாச்சும் சொன்னாரா?"

அவள் யோசித்துப் பார்த்தாள்.

"இல்லீங்க. ஒண்ணுமே சொல்லலீங்க."